ஜூன்லயே கேட்ட கேள்வி

மீட்டிங்ல ஒரு பொம்பள கேள்வி கேட்டே எல்லாரையும் சாகடிச்சான்னு ஆரம்பிச்சா போதும், அவளுக்கு நல்லா ஒரு குட்டு விழப்போகுதுன்னு நாற்காலிய இழுத்துப் போட்டுக்குவீங்களே! உக்காருங்க, உக்காருங்க.

பிலிப்பைன்ஸ்ல, செபு நகரத்துல எங்க ஆபீஸ். கிறிஸ்துமஸுக்கு லெச்சோன், அதான் முழுப் பன்னி வறுவல், போன்லயே ஆர்டர் பண்ண ஒரு ஆப் செய்யுறோம். இப்ப ஜூன். பலகையில ரெண்டு கட்டம்தான் வரைஞ்சிருக்கு.

நெரிசா கையத் தூக்கினா. நாங்க செஞ்சு முடிச்சதுல தப்பு கண்டுபிடிக்கிற டெஸ்டர். இந்த டிசைன் மீட்டிங்குக்கு அவள யாரும் கூப்பிடவே இல்ல, அவளாவே வந்து உக்காந்திருந்தா.

"ஒரே பன்னிய ரெண்டு பேர் ஒரே நேரத்துல புக் பண்ணினா?"

"ஆளுக்குப் பாதி!"ன்னேன் நான். எல்லாரும் சிரிச்சாங்க.

"ஆர்டர் போடும்போது நெட் போயிடுச்சுன்னா? பன்னி வருமா, வராதா? இதெல்லாம் இப்பவே முடிவு பண்ணிட்டா, நீங்க செய்யச் செய்ய நான் பாத்துட்டே வந்துடுவேன்."

மேனேஜர் வில்லி சார் கொட்டாவி விட்டார்.

"புள்ளையே பொறக்கல, அதுக்குள்ள காய்ச்சல் பாக்குறியா? முதல்ல செய்வோம். டெஸ்டிங் எப்பவும் போல டிசம்பர்ல."

"அந்த டிசம்பர்தான் சார்..." அவ குரல் இறங்கிடுச்சு. "கடைசில குடுக்குறீங்க. தப்பு வருது. நீங்க திருத்த, நான் திரும்பப் பாக்க, என் கிறிஸ்துமஸ் இங்கயே போயிடுது. எம் பொண்ணு சிக்கிஹோர் தீவுல எங்கக்கா வீட்ல வளர்றா. போன வருஷம் எனக்கும் ஒரு தட்டு வெச்சு, 'அம்மா, ஸ்பகெட்டி ஆறுது'ன்னு போன்ல காட்டுறா. 'நீ சாப்பிடுடி'ன்னேன். அந்தத் தட்ட யாரையும் தொடவே விடலையாம். இந்த வருஷமாவது அதுல நான் சாப்பிடணும் சார்."

யாரும் சிரிக்கல. நானும்தான்.

வில்லி சார் தலைய ஒரு பக்கமா சாய்ச்சு, கண்ண பாதி மூடி, பாவமன்னிப்பு குடுக்குற சாமியார் மாதிரி இழுத்தார்.

"புரியுதும்மா... ஆனா டிசம்பர்ல நடக்கப்போறத ஜூன்லயே யாராலம்மா திட்டம் போட முடியும்?"

காபியில இருந்து டிக்கெட் வரைக்கும் ஆபீஸ் வேலையெல்லாம் பாக்குற இசிங் அக்கா, காபி வெச்சுட்டிருந்தவங்க, பதறிப்போயிட்டாங்க.

"ஐயையோ, என்ன சார் இப்படிச் சொல்றீங்க? கிறிஸ்துமஸுக்கு உங்க வீட்ல எல்லாரும் ஊருக்குப் போறதுக்குப் போன வாரமே கப்பல் டிக்கெட் போடச் சொன்னீங்களே... நான் போட்டுட்டேனே!"