தூணுக்குப் பின்னால் ஒரு நாற்காலி

"வயசானவரைத் தூணுக்குப் பின்னாலயா உட்கார வைப்பீங்க? மனசாட்சி வேண்டாம்?"

டீச்சர் கேட்டதில் முன்வரிசையே திரும்பிப் பார்த்தது. டிக்கெட் கிழிக்கும் அம்மாள் மட்டும் நிமிரவில்லை.

"அது அவரோட இடம் மேடம்."

அந்தக் காலத்து வங்கிக் கட்டடம் அது. காசாளர் கூண்டு இருந்த இடத்தில் இப்போது மேடை. கூடத்தின் நடுவே, மூன்று பேர் கைகோத்தாலும் அணைக்க முடியாத கல்தூண். அதன் பின்னால் ஒற்றை நாற்காலி. அங்கே உட்கார்ந்தால் மேடையில் யானையே நின்றாலும் தெரியாது.

டீச்சரின் வீட்டுக்காரர் முட்டி வலி என்று கடைசி நேரத்தில் கழன்றுகொண்டதில், முன்வரிசையில் ஓர் இடம் காலி. முப்பது வருஷம் பிள்ளைகளை இடம் மாற்றி உட்கார வைத்த கை சும்மா இருக்குமா? நேரே போய்ப் பெரியவரின் முழங்கையைப் பிடித்தார்.

"வாங்க ஐயா, என் பக்கத்துல இடம் இருக்கு. பாடுற பொண்ணு முகம் பளிச்சுனு தெரியும்."

பெரியவர் நாற்காலியை இறுகப் பற்றிக்கொண்டார்.

"வேண்டாம்மா. எனக்கு இங்கேதான் வசதி."

"தூணைப் பார்க்கவா டிக்கெட் வாங்கினீங்க?"

"விட்டுடும்மா." அவர் தூணோடு இன்னும் ஒட்டி உட்கார்ந்தார். மேடையோரத்தில் திரை லேசாக அசைந்தது.

பாவம், மிரட்டி வைத்திருக்கிறார்கள். டீச்சர் வாசலுக்கே திரும்பி வந்தார்.

"நாளைக்கே பத்திரிகைக்கு எழுதுறேன், பாருங்க."

டிக்கெட் அம்மாள் அவரை ஓரமாக அழைத்துப்போய்க் குரலைத் தாழ்த்தினார்.

"பாடப்போறது அவர் பொண்ணுதான் மேடம். கண்ட இடத்துல பாடுறவளை மேடையில கண்ணால பார்க்க மாட்டேன்னு, சொந்தக்காரங்க முன்னால சத்தியம் பண்ணிட்டாராம். பார்க்க மாட்டேன்னுதானே சொன்னார், கேட்க மாட்டேன்னு சொல்லலையே. வாரம் தவறாம வந்துடறார். கைகூடத் தட்ட மாட்டார், பொண்ணுக்குத் தெரிஞ்சுடுமாம்."

"அந்தப் பொண்ணுக்குத் தெரியாதா?"

"அந்த நாற்காலியைப் போடச் சொன்னதே அவங்கதான். வேற யாருக்கும் கொடுத்துடாதீங்கன்னு."

டீச்சர் தன் இடத்துக்கு வந்து, காலி நாற்காலியில் கைப்பையை வைத்தார். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அன்று அவள் முன்வரிசைக்குப் பாடவில்லை. ஒவ்வொரு பாட்டையும் தூணைச் சுற்றிப் போகும்படி மெல்ல அனுப்பினாள்.

முடிவில் மைக்கைப் பிடித்தாள்.

"டிரம்ஸ் வாசிச்சவருக்கு நன்றி. மைக் செட் அண்ணனுக்கு நன்றி. அப்புறம், இந்தக் கட்டடத்தைக் கட்டினப்போ நடுவுல தூணை வெச்ச புண்ணியவானுக்கு ரொம்ப நன்றி."

கூடமே சிரித்தது.

சிரிப்பு அடங்கிய பிறகு, தூணுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒருவர் கைதட்டும் சத்தம் கேட்டது.