அத்தையின் வேளச்சேரிப் பயணம்

இந்த மாசமும் ஜோதிலட்சுமி பையை எடுத்துவிட்டாள்.

ஒரு மாற்றுப் புடவை, வெற்றிலைப் பொட்டலம், மூக்குக் கண்ணாடி. ஒவ்வொன்றாக உள்ளே போவதை மருமகள் நிஷா அடுப்புப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். ஹவுசிங் போர்டில் ஒரே அறை வீடு. பார்க்காமல் இருக்கவும் முடியாது.

"கயல் வூட்டுக்கா அத்தே?"

"ஆமாம்மா. வேளச்சேரிக்கு ஒரு எட்டு போய்ட்டு, மூணு நாள்ல வந்துட்றேன்."

"போங்க, போங்க. பேரன் மொகத்தப் பாத்தாதானே ஒங்களுக்குச் சோறு எறங்கும்? இங்க இன்னா கீது பாக்கறதுக்கு?"

சொல்லியிருக்க வேண்டாம்தான். வாயில் வந்துவிட்டது. ஜோதிலட்சுமி வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

நிஷாவின் கோபத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. கல்யாணமாகி ஆறு வருஷம். மாத்திரை, ஸ்கேன் என்று ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடக்கிறாள். "இன்னும் கொஞ்ச மாசம் இப்படியே முயற்சி பண்ணுங்க. நிக்கலைன்னா பெரிய ட்ரீட்மென்ட்தான்" என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். புருஷன் டில்லிபாபு தன் ஷேர் ஆட்டோவையே விற்றாலும் அந்தப் பெரிய ட்ரீட்மென்ட் அவர்களுக்கு எட்டாது. இந்த மாசமாவது கரு நிற்க வேண்டுமே என்று அவள் உள்ளுக்குள் உதறிக்கொண்டிருக்கிறாள். மாமியாரோ, 'டாக்டர் இன்னாம்மா சொன்னாங்க' என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

ஒரே ஒரு தடவை துணைக்கு வந்தாள். டாக்டரம்மா என்னென்னவோ விவரம் சொல்லிக்கொண்டிருக்க, நிஷா திரும்பிப் பார்த்தால், பக்கத்து நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு தூக்கம்.

தண்ணீர் பிடிக்கக் கீழே போனபோது, தரைத்தளத்தில் ஜாக்கெட் தைக்கும் சகினாவிடம் நிஷா கொட்டித் தீர்த்தாள்.

"மத்த மாமியாருங்க மருமகளுக்காக கோயில் கோயிலா சுத்துதுங்க. இது இன்னாடான்னா, மாசாமாசம் பொண்ணு வூட்டுக்கு டூர் போவுது சகினாக்கா."

"உடு நிஷா. வயசானவங்க" என்றாள் சகினா, தையலிலிருந்து தலையைத் தூக்காமல்.

சாயங்காலம் விளக்கு போடுகிற நேரத்தில் கதவைத் தட்டியது யாரென்று பார்த்தால், கயல். இடுப்பில் பையன்.

"லஸ் கடைத்தெருவுக்கு வந்தேன் அண்ணி. அப்டியே அம்மாவப் பாத்துட்டுப் போலாம்னு. எங்க காணோம்?"

"வெளையாடறியா கயலு? ஒன் வூட்டுக்குத்தானே காலைல கெளம்புனாங்க?"

"எங்க வூட்டுக்கா? ஸ்கூல் தெறக்கறப்போ வந்தவங்கதான். அப்பால எட்டிக்கூட பாக்கல. 'ஆயா எப்ப வரும்'னு இவன் கேட்டுக்கினே கீறான்."

அப்படியானால் மாசாமாசம் அந்த மனுஷி எங்கேதான் போகிறாள்?

கயல் போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"யம்மா, எங்க கீற?"

"நங்கநல்லூர் ஆஞ்சநேயர் கோயில்ல கண்ணு. ஒரு வேண்டுதல். முடிச்சிட்டு நானே வரேன். நீ இருட்டறதுக்குள்ள வூடு போய்ச் சேரு."

கயல் சமாதானமாகி ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள். நிஷாவால் முடியவில்லை. கோயிலில் மணிச் சத்தம் கேட்கும். இப்போது போனில் கேட்ட மாதிரி தையல் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்குமா?

தடதடவென்று படியிறங்கினாள். சகினா வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஊக்கு குத்திய செருப்பு கிடந்தது.

உள்ளே, துணி மூட்டைகளுக்கு நடுவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள் ஜோதிலட்சுமி. மருமகளைப் பார்த்ததும் திருடி அகப்பட்டவள் மாதிரி விழித்தாள். சகினா மிஷினை நிறுத்திவிட்டு நைசாக வெளியே நழுவினாள்.

"இன்னா அத்தே இது? ஒங்க பேரன் இந்த வழியாத்தானே வந்துட்டுப் போனான்?"

"பாத்தேம்மா. ஜன்னலாண்ட நின்னு பாத்துக்கினுதான் இருந்தேன். நல்லா வளந்துட்டான்."

"ஒரு கொரல் குடுத்திருக்கலாம்ல?"

"குடுத்தா, கையப் புடிச்சி மேல இட்டுக்கினு போயிருப்பான். அப்பறம் ராவுக்கு நானும் அங்கதானே படுக்கணும்?"

"படுத்தா இன்னா? கயல் வூட்டுக்கும் போவாம, எதுக்கு இந்த மூட்டைங்க நடுவுல..."

"சம்பந்தி வூட்ல மாசாமாசம் போய்ப் படுத்தா நல்லாவா கீது? பக்கத்துலதான் கீறேன்னு தெரிஞ்சா நீங்க ரெண்டு பேரும் கூச்சப்படுவீங்க. நான்தான் சகினாவ சொல்லாதன்னேன்."

நிஷாவுக்கு மெல்லத்தான் உறைத்தது. மாமியார் பையைத் தூக்கிய ஒவ்வொரு மாசமும், அது டாக்டரம்மா குறித்துக் கொடுத்த நாளாகத்தான் இருந்தது. பொத்தென்று பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"காலைல நான் இன்னா பேச்சு பேசிட்டேன் அத்தே."

"அத உடு. டில்லி வர நேரம், மூஞ்ச கழுவிக்கினு மேல போ."

"ஒங்களுக்கு எப்டி இதெல்லாம்... நீங்கதான் அன்னிக்கி தூங்கிட்டீங்களே?"

ஜோதிலட்சுமி மருமகளின் கண்ணைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டாள்.

"'ரெண்டு பேரும் தனியா இருக்க வூட்ல எடம் கீதா'ன்னு டாக்டரம்மா கேட்டாங்க. நீ பதில் சொல்லாம தலைய குனிஞ்சிக்கின. நீ என்னத் திரும்பிப் பாக்கறதுக்குள்ள நான் கண்ண மூடிக்கினேன்."