திரும்பிப் போகாத காலை

வீட்டைப் பூட்டியதுமே லோகப்பிரியாவுக்குச் சந்தேகம் வந்துவிடும். கேஸை மூடினோமா என்று பாதி வழியில் திரும்பி ஓடுவாள். தினமும் தாமதமாகப் போனதில் பெருந்துறை பனியன் கம்பெனி வேலை பறிபோனது. வேறு கம்பெனியில் சேர்ந்தாள்; அங்கேயும் இதுவே கடைசி எச்சரிக்கை என்று சொல்லிவிட்டார்கள்.

இன்று என்ன ஆனாலும் திரும்புவதில்லை என்று ஈரோட்டில் பஸ் ஏறிவிட்டாள். கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள், அழுகை முட்டியது. ஆனாலும் இறங்கவில்லை. பாதி தூரம் கடந்ததும், இரவு ஷிப்ட் முடிந்து வீடு சேர்ந்திருந்த கணவன் நிதீஷுக்குப் போன் செய்தாள்.

"ஏனுங்க, நான் இன்னைக்குத் திரும்பவே இல்லீங்க. பஸ்ல போய்ட்டிருக்கறேனுங்க."

அவன் சிரித்தான். "பொய் சொல்லாத அம்மணி. இப்பத்தான உள்ள வந்தே? அடுப்படில நின்னு கேஸத் திருகிப் பாத்துட்டு, அங்கிருந்தே எனக்குப் போன் பண்றியாக்கும்?"

அவள் போனைக் காதோடு அழுத்தினாள். போனுக்குள் தூரத்திலிருந்து அவளுடைய குரலே கேட்டது.

"கேஸ் மூடித்தானுங்க இருக்குது. நான் பஸ் ஏறுனனான்னுதான் தெரியலீங்க."

கண்டக்டர் பக்கத்துப் பெண்ணுக்கு டிக்கெட் கொடுத்துவிட்டு அவளைத் தாண்டிப் போனார்.

"ஏனுங்க, எனக்குங்க?" என்று லோகப்பிரியா கத்தினாள். பஸ்ஸில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.