முன் வரிசை

“முன் வரிசைன்னா நான் வரல மேடம். பின்னால ஒரு மூலையில உக்காந்துக்கிறேன்,” என்றாள் சத்யப்பிரியா.

“நம்ம காலேஜ்லயே புள்ளையத் தனியா வளக்குற ஸ்டூடண்ட் நீ ஒருத்திதான். உன்னைய வச்சுத்தான் இன்னைக்கு நிகழ்ச்சியே,” என்றார் பேராசிரியை மெஹருன்னிசா. “உன் அட்டெண்டன்ஸ் எழுபத்திரண்டு சதவீதம்தான். பரீட்சை எழுதணும்ல?”

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த நாளெல்லாம் லீவு போட்டதன் பலன் அந்த எழுபத்திரண்டு. மூன்று மணி அபிராமம் பஸ்ஸை விட்டால் அங்கன்வாடியிலிருந்து அவனை அழைத்துவர ஆளில்லை. கல்லூரி வாசலையோ பூட்டிவிட்டார்கள். மன அழுத்தம் குறைக்கும் கூட்டத்துக்கு வேறு எப்படித்தான் ஆள் சேர்ப்பது?

“பன்னெண்டாவதோட நின்னவகூட வாழ முடியாதுன்னு அவரு போனப்ப, நான் ஆறு மாசம் மேடம். அதைப் போயி மைக்குல சொல்லச் சொல்றீகளே.”

“பாத்தியா? இந்தக் கூச்சமே ஒரு அறிகுறிதான்,” என்று அக்கறையாகக் குறித்துக்கொண்டார் மேடம்.

மனநல ஆலோசகர் முனைவர் மாரீஸ்வரன் ஒரு மணி நேரம் தாமதமாக வந்தார். பொன்னாடை வாங்கும்போது கேமராவைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. பிறகு விளக்கை அணைக்கச் சொல்லி, திரையில் படம் காட்டிப் பேசினார். கைவிடப்பட்ட தாய்மார்களின் வேதனையைச் சொல்லும்போது இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். அரங்கமே மூக்கை உறிஞ்சியது. சத்யப்பிரியா மட்டும் அவரைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“இங்க அப்படி ஒரு சகோதரி இருக்காங்களாம். அவங்க மனசுல உள்ளதைக் கொட்டணும்!”

மேடம் மைக்கை அவள் கையில் திணித்தார். இருட்டில் எழுந்து நின்றாள். மணி இரண்டே முக்கால்.

“பயப்படாதீங்கம்மா. முதல்ல குழந்தை பேரைச் சொல்லுங்க. சொல்லும்போதே பாரம் குறையும்.”

“தர்ஷன்.”

“அடடா, அழகான பேரு! யார் வச்சது?”

“நான்தாங்க வச்சேன்,” என்றாள் சத்யப்பிரியா. மைக்கை இன்னும் நெருக்கிப் பிடித்தாள். “இனிஷியல் மட்டும் உங்களோடது.”