டேப், டேப், என்டர்

"இன்னாடி இது, மாப்பிள்ளைன்னு கேட்டா அரிசியக் காட்டுது?"

ஜமுனா லேப்டாப்புக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுபோனாள். திரை முழுக்க மாப்பிள்ளைச் சம்பா, கிலோ என்ன விலை என்று வரிசை கட்டி நின்றது.

"அது கெடக்குது. டேப் அழுத்தும்மா. அழுத்த அழுத்த அடுத்ததுக்குப் போவும்" என்றாள் மகள் வினோதினி. "புடிச்சிருந்தா என்டர். புடிக்கலன்னா ஆல்ட்டைப் புடிச்சிக்கினு இந்த இடது அம்பு. வந்த வழியே திரும்பிடலாம்."

ஜமுனாவுக்கு மவுஸ் வசப்படவில்லை. பழவேற்காடு ஏரிச் சேற்றில் இறாலைக் கையால் தடவிப் பிடித்துக் காய்த்துப்போன விரல்கள். லேப்டாப்பின் தொடுபலகை அவற்றை விரல்களாகவே மதிக்கவில்லை. ஆனால் பட்டன்களை மட்டும் அவை பார்க்காமலே கண்டுபிடித்தன.

வினோதினிக்குத் திங்கட்கிழமையிலிருந்து ஓசூரில் வேலை. கிளம்புவதற்குள் இந்தக் கல்யாணப் பேச்சுக்கு ஒரு முடிவு தெரிய வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

"கல்யாணம்னா பொண்ணுங்க வெக்கப்படும். நீ இன்னாடான்னா இப்படிப் பறக்கற."

"வெக்கம் வேலைக்கி ஆவாது. டேப்பு."

அரிசியைத் தாண்டியதும், வினோதினி ஏற்கெனவே பதிந்து வைத்திருந்த வரன் தளம் வந்தது. என்டர். ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள்.

"இவரு காட்டுப்பள்ளித் துறைமுகத்துல கிரேன் ஓட்றாராம்மா."

"வேணாம். துறைமுகம் வேணாம்னு போராட்டத்துல வெயில்ல குந்திக் கத்திட்டு, அங்கேர்ந்தே மாப்ள எடுத்தா ஊரு சிரிக்கும்."

ஆல்ட், இடது அம்பு.

"இவருக்குச் சொந்த வீடு. சுத்த சைவம்."

"நம்ம வூட்ல வந்து இன்னாத்தத் துன்னுவாரு?"

ஆல்ட், இடது அம்பு.

"இவன் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கினு எத்த மறைக்கிறான்?"

"வெயிலுக்கு மாட்டியிருப்பாரும்மா."

"வூட்டுக்குள்ள போட்டோ புடிச்சிருக்கான். வெயிலு எங்கேர்ந்து வந்துச்சி?"

"இப்படியே கழிச்சிக்கினே இருந்தா ஓசூர்ல நான் எப்படி நிம்மதியா இருப்பேன்?" என்றாள் வினோதினி.

ஜமுனா டேப்பை அழுத்தினாள்.

இளவழகன். அனுப்பம்பட்டு ஸ்டேஷன் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருக்கிறார். பிடித்தது என்ற இடத்தில், நண்டுக் குழம்பு வைப்பது என்று எழுதியிருந்தார். சாப்பிடுவது அல்ல, வைப்பது.

"இவர்கிட்ட இன்னா குறை கண்டுபுடிக்கப் போற?"

"காது கொஞ்சம் பெருசு" என்றாள் ஜமுனா. ஆனால் விரல் இடது அம்பின் பக்கமே போகவில்லை.

டேப்பை இன்னொரு முறை தட்டினாள். திரையில் ஏதோ ஒரு பட்டனைச் சுற்றிக் கட்டம் விழுந்தது. ஏரியில் விரலுக்கடியில் இறால் துடித்தால் யோசிக்காமல் அமுக்கிவிட வேண்டும், யோசித்தால் நழுவிவிடும். பழகிய விரல் என்டரை அமுக்கிவிட்டது.

'உங்கள் விருப்பம் தெரிவிக்கப்பட்டது' என்றது திரை.

"அம்மா, அனுப்பிட்டியா?"

"கை தவறிப்போச்சிடி. ஆல்ட்டைப் புடி, திரும்பிடலாம்."

"இதுக்குத் திரும்பற வழி கெடையாது. பேசறதுக்குன்னு குடுத்த என் போன் நம்பரும் சேர்ந்து போயிருக்கும்."

அடுப்பில் டீ கொதிப்பதற்குள் போன் அடித்தது. வினோதினி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"வணக்கம், இளவழகன் பேசறேன். விருப்பம்னு தகவல் வந்துச்சி. அவங்களுக்கு நெஜமாவே சம்மதமான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கலாமேன்னுதான்."

வை, வை என்று ஜமுனா பதறிக்கொண்டு ஜாடை காட்டினாள். வினோதினி கண்டுகொள்ளவில்லை.

"பக்கத்துலதாங்க இருக்காங்க. இருங்க, கல்யாணப் பொண்ணு கிட்டயே குடுக்கறேன்" என்று சொல்லி, ஸ்பீக்கரை அணைத்து, போனை அம்மாவின் காதில் வைத்தாள்.

"பேசும்மா" என்று கிசுகிசுத்தாள். "நைனா தவறினதுலேர்ந்து ஏரியில நீ தனியாத் தடவினது போதும்."