முதல் வண்டி

வரிசையில முதல் வண்டி என்னுது. அதைத் தாண்டி ஒரு நீலக் கார் சாவகாசமா முன்னால போய் நின்னுச்சு. ஓட்டுறது யாருன்னு பார்த்தா, சில்வி அக்கா. பனிச்சாலைக் காவலர் ஹெய்னோவோட பொண்டாட்டி.

ஹெய்னோ அவங்களைத் தடுக்கலை. குறுக்குக் கம்பத்தைத் தூக்கினார். நீலக் கார் உறைஞ்ச கடல் மேல இறங்கிப் போயிடுச்சு. கம்பம் மறுபடி கீழே வந்துச்சு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

பிரசவத்துக்காக முன்கூட்டியே அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போனவ என் பொண்டாட்டி ரீனா. மழை பெய்ஞ்சு பனி இளகி, ரோட்டை மூடின அன்னிக்குத்தான் மக பிறந்தா. படகும் ஓடலை. நான் இன்னும் பிள்ளை முகத்தைக்கூடப் பார்க்கலை. ரோட்டை இன்னிக்குத்தான் திறக்குறாங்க.

"என்ன அண்ணே, நாங்கல்லாம் இங்க வேடிக்கை பார்க்கவா நிக்கிறோம்?"

"கொஞ்சம் பொறு, ரைவோ."

"உங்க வீட்டுக்காரி மட்டும் பொறுக்க வேண்டாமோ?"

அவர் கடலையே பார்த்துக்கிட்டு நின்னார்.

பின்னாடி வண்டியிலேருந்து மார்குஸ் இறங்கி வந்தார். தலைநகர் தாலின்காரர், லீவுக்கு எங்க தீவுக்கு வந்துட்டு ஊர் திரும்புறவர்.

"அந்தம்மா சீட் பெல்ட்கூடப் போடலை, பார்த்தீங்களா? காவலர் பொண்டாட்டின்னா சட்டம் கிடையாதா?"

அந்தக் கோபத்துலயும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "பனிச்சாலையில பெல்ட் போட்டாத்தான் சார் குத்தம். உடைஞ்சா சட்டுனு வெளியே குதிக்கணும்ல?"

மனுஷன் முகம் வெளுத்துப் போச்சு. "உடையுமா?"

"எங்க ரோடா? போங்க சார்."

என்னால பெருமை பேசாம இருக்க முடியலை. எஸ்தோனியா உள்ளங்கை அளவு நாடுதான். ஆனா கடலையே ரோடாக்கி, ஓரத்துல அடையாளத்துக்கு ஊசியிலைக் கிளை நட்டு, வேகப் பலகையும் வச்சவங்க நாங்க. நாலஞ்சு குளிர்காலமா கடல் சரியா உறையாம, இந்த வருஷம்தான் ரோடு வந்துச்சு. அது ஹெய்னோ அண்ணன் பொறுப்புக்கு வந்ததும் இந்த வருஷம்தான்.

"அப்போ நம்மளை ஏன் விட மாட்டேங்கிறார்?"

"வீட்டம்மா அக்கரையில முடி வெட்டிக்கப் போறாங்க போல. முன்னால பின்னால வண்டி இல்லாம ஜம்முனு போகட்டும்னுதான்"னேன், ஹெய்னோ காதுல விழுற மாதிரி.

விழுந்துச்சு. ஆனா அவர் திரும்பலை. போனை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னார். பக்கத்துல அவரோட பனி ஸ்கூட்டர் நின்ன இடத்துலயே சும்மா உறுமிக்கிட்டு இருந்துச்சு. அதுக்குப் பின்னால ஏணியும் கயிறும். பெட்ரோலுக்குத்தான் கேடுன்னு நினைச்சுக்கிட்டேன்.

ரொம்ப நேரம் கழிச்சுப் போன் அடிச்சுது. முதல் மணியிலேயே எடுத்தார்.

"ம்... ம்... சரிம்மா. சரி."

அப்புறம்தான் ஸ்கூட்டரை அணைச்சார்.

"கொஞ்சி முடிச்சாச்சா?"ன்னேன்.

"முடிச்சாச்சு. பெல்ட் போடாதே, ஜன்னலை இறக்கு. போய் உன் மகளைக் கூட்டிட்டு வா."

அக்கரை ஏறினதும் ஓரமா அந்த நீலக் கார். நறுக்குனு நாலு வார்த்தை கேட்காம விடுறதில்லைன்னு இறங்கினேன்.

சில்வி அக்கா கோட்டைத் திறந்து, உள்ளே போட்டிருந்த ஆரஞ்சு லைஃப் ஜாக்கெட்டைக் கழட்டிக்கிட்டு இருந்தாங்க. எவ்வளவு இழுத்தும் கொக்கி கழலவே இல்லை.

கேட்க வந்ததை விட்டுட்டுக் கிட்டப் போனேன். கொக்கியைக் கழட்டி விட்டேன்.

"காலையில பனியில துளை போட்டு அளந்துட்டார். கனம் போதும்"னாங்க அக்கா. "இருந்தாலும் மழைக்கு அப்புறம் போற முதல் வண்டி எங்க வீட்டு வண்டியா இருக்கணும்னு நாங்க ரெண்டு பேரும் பேசி வச்சிருக்கோம். அதுவும் நீ பச்சைப் புள்ளையோட திரும்பப்போற ரோடாச்சே."

"அதுக்கு அண்ணன் வந்திருக்கலாமே அக்கா?"

"அவரும் அதையேதான் சொன்னார். பெரிய சண்டை. நான்தான் ஜெயிச்சேன்." அக்கா முகத்துல அப்படி ஒரு பெருமை. "நான் உள்ளே விழுந்தா அவர் என்னைத் தூக்கிடுவார், ரைவோ. அவர் விழுந்தா என்னால தூக்க முடியாதே."