நேர்கோடு

"மறுபடியும் கோணிக்கிச்சு!" கணவன் தலையில் கைவைத்தான். மரப்பலகையில் எழுத்து செதுக்க அவனே கட்டிய சிஎன்சி மெஷின், நேராகப் போகும்போதே திடீரென்று பக்கவாட்டில் துள்ளியது.

"மோட்டார் மாத்தியாச்சு, கேபிள் மாத்தியாச்சு. இன்னும் எதை மாத்தணும்?"

"ஆளை மாத்திப் பாருங்களேன்," என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

"நல்லா கிண்டல் பண்ணு. இது ஒரு தடவை நேரா ஓடட்டும், மறுநாளே ஆபீஸ் வேலைய விட்டுட்டு முழுநேரமும் இதுதான்."

"அந்த நன்னாளுக்குத்தானே நானும் தவம் கிடக்கேன்!"

எலக்ட்ரீஷியனான அவள் தம்பி போன மாதமே கண்டுபிடித்துவிட்டான். "அக்கா, ரெண்டும் ஒரே லைன். நீ மிக்ஸி போட்டா மாமாவோட மெஷின் துள்ளும்." அவன் வாயை அவள் அப்போதே அடைத்துவிட்டாள்.

உள்ளே மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. அவள் காலி ஜாரை மாட்டி மிக்ஸியைப் போட்டாள்.